காலி வண்டியின் எடை

ஞாயிறு மதியம்

அன்புள்ள நர்சம்மாவுக்கு,

உன் தராசுக்காரன் எழுதுவது. இங்கே நானும் வாண்டுவும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று போனில் சொன்னாய், முகம் வேறு மாதிரி சொன்னது. திரையில் பேசினால் பாதி நேரம் படம் உறைந்து நிற்கிறது, மீதி நேரம் நீ அழாமல் இருக்கப் பாடுபடுகிறாய். முக்கியமான விஷயங்களைக் காகிதத்தில் எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னது நல்ல யோசனை. உன் கடிதம் வந்தால் நான் மூக்கைச் சிந்தியபடி படிக்கலாம், யாரும் பார்க்க மாட்டார்கள்.

மூன்று கேள்வி கேட்டிருந்தாய். பிள்ளைக்கு வண்டி வாங்கியாயிற்றா, அவன் எடை எவ்வளவு, அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துப் போடலாமா. வரிசையாகவே சொல்கிறேன்.

வண்டி வாங்கியாயிற்று. என் முதுகு உனக்குத் தனியாக நன்றி சொல்லச் சொல்கிறது. இத்தனை நாள் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு குழந்தைகள் காப்பகத்துக்கும் கடைக்கும் நடந்ததில் நான் ஒரு பக்கமாகச் சாய்ந்தே போய்விட்டேன். போதாக்குறைக்கு நம் மூன்றாம் மாடி. லிஃப்ட் வரும், லிஃப்ட் வரும் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அது வருவதற்குள் வாண்டுவுக்கு மீசை முளைத்துவிடும். இப்போது அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானே படியேறுகிறான். வண்டியை மட்டும் நான் ஒரு கையில் தூக்கிக்கொண்டால் போதும். அதனால் நீ எழுதியபடி, மடக்கென்று மடிகிற, லேசான வண்டியாகத்தான் தேடினேன்.

கடையில் நான் செய்த முதல் தப்பு, தள்ளுவண்டி இருக்கிறதா என்று கேட்டது. விற்பனைப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, "காய்கறி விக்கிறதுக்கா சார்?" என்றாள். ஸ்ட்ரோலர் என்று சொல்ல வேண்டுமாம். இரண்டாவது தப்பு, பையிலிருந்து என் கொக்கித் தராசை எடுத்தது. நீ தலையில் அடித்துக்கொள்வாய் என்று தெரியும். ஒரு பொருளை லேசு என்று யாரோ சொன்னால் எடை போடாமல் நம்புகிற ஜாதி இல்லை நான், தராசு விற்றுப் பழுது பார்க்கிற பிழைப்பு அப்படி. போட்டுப் பார்த்தால் அட்டையில் அச்சடித்த எடை எதுவுமே சரியில்லை. ஒன்றில் மேற்கூரையைச் சேர்க்கவில்லை, இன்னொன்றில் சக்கரத்தையே சேர்க்கவில்லை. சக்கரம் இல்லாத வண்டியை யார் தள்ளுவார்கள் என்று கேட்டேன். "எல்லாரும் கலர்தான் சார் பாப்பாங்க. நீங்கதான் முதல் ஆளு, தராசோட வந்திருக்கீங்க" என்றாள். வரிசையில் நின்ற எல்லா வண்டியையும் கொக்கியில் மாட்டித் தூக்கி முடித்தபோது மேலாளரே வந்துவிட்டார். இனிமேல் அந்தக் கருவியோடு உள்ளே வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். மரியாதையாகத்தான் சொன்னார்.

இருப்பதிலேயே லேசானதை எடுக்கவில்லை. அதன் சக்கரம் சட்டைப் பொத்தான் மாதிரி இருந்தது, நடைபாதைக் கல் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். நல்ல கட்டுமானமாக ஒன்று இருந்தது, ஆனால் அதைத் தூக்குவதும் இன்னொரு பிள்ளையைத் தூக்குவதும் ஒன்றுதான். கடைசியில் சாம்பல் நிறத்தில் அலுமினியச் சட்டம் போட்ட ஒன்று அகப்பட்டது. மேற்கூரை, சக்கரம், கீழே சாமான் பை எல்லாம் சேர்த்து ஆறு கிலோ இருநூறு. கைப்பிடியில் ஒரு விசை, அழுத்தினால் மடக்கு நாற்காலி போல மடிந்துவிடும். வாண்டுவை உட்கார வைத்துப் பார்த்தோம். உட்கார்ந்ததும் வலப்பக்க ஓரத்துக்கு நகர்ந்து, இடப்பக்கம் இடம் விட்டான். நடுவில் உட்கார வைத்தேன், மறுபடியும் நகர்ந்தான். "பெருந்தன்மையான பையன் சார், இடம் விட்டு உக்கார்றான்" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

அவன் எடை பதின்மூன்று கிலோ நூறு. நம் கடைப் பலகைத் தராசில் போட்டேன். நின்று தொலைக்க மாட்டேன் என்கிறான், அதனால் வண்டியோடு ஏற்றித்தான் போட வேண்டியிருக்கிறது. மளிகைக் கடையில் காலிப் பாத்திரத்தை வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கிவிட்டு, அப்புறம் எண்ணெய் ஊற்றுவார்களே, அதே மாதிரிதான். வண்டியை வைக்கிறேன், பொத்தானை அழுத்துகிறேன், அவனை உட்கார வைக்கிறேன். அவன் எடை மட்டும் வருகிறது. இனி வாராவாரம் எழுதுகிறேன்.

மூன்றாவது கேள்விக்கு என் பதில், போட்டுவிடு. அடுத்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்கிறாய், தள்ளிப்போட்டு என்ன ஆகப்போகிறது? இன்னும் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டால் கடை இடம் நம் பெயருக்கு வந்துவிடும். பிள்ளையைப் பற்றிக் கவலைப்படாதே. முதலிலெல்லாம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் கதவுக்குத் தவழ்ந்து போவான். இப்போது அதெல்லாம் இல்லை. உன் படத்தைக் காட்டினால் ஒரு பார்வை பார்த்துவிட்டு விளையாடப் போய்விடுகிறான். அவனுக்குப் பழகிவிட்டது. எனக்குத்தான் பழகவில்லை, அது கிடக்கட்டும்.

உன் வார்டில் எத்தனையோ பிள்ளைகளுக்கு வேளாவேளைக்கு மருந்து கொடுக்கிறாய், நீயும் வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தராசுக்காரன்

*

புதன் மாலை

அன்புள்ள நர்சம்மாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். உன் கடிதம் கிடைத்தது. வண்டி வாங்கியதில் உனக்குச் சந்தோஷம் என்றும், கையெழுத்துப் போட வேண்டிய தாளைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன் என்றும் எழுதியிருந்தாய். அதை எப்போது வேண்டுமானாலும் போடலாம். வண்டி விஷயமாக ஒன்று சொல்ல வேண்டும். சிரிக்காதே.

வண்டி கனக்கிறது.

முதல் இரண்டு நாள் பஞ்சு மாதிரி இருந்தது. பிறகு கனக்க ஆரம்பித்தது. பிள்ளையை வைத்துத் தள்ளும்போது கனத்தால் சரி, அவன் இறங்கிப் படியேறிய பிறகு காலியாகத் தூக்கும்போதுதான் இந்தக் கனம். மடிக்கவும் வரவில்லை. விசையை அழுத்தினால் பாதி மடிந்து நிற்கிறது, உள்ளே ஏதோ இடிக்கிற மாதிரி. எண்ணெய் விட்டேன், திருகாணியைத் தளர்த்திப் பார்த்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. விரித்தபடியேதான் மூன்று மாடியும் தூக்கிக்கொண்டு போகிறேன். ஒரு நாள் அவசரத்தில் படியில் கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டேன். மேல்படியில் நின்ற வாண்டு முகம் சுருங்கி, "மெதுவாப்பா" என்றான்.

என் கைதான் தப்பு சொல்கிறது என்று நினைத்திருப்பேன். கையை நம்பினால் தராசு எதற்கு என்று வாடிக்கையாளர்களிடம் நானே சொல்கிறவன். ஆனால் கீழ்வீட்டுத் தையல்காரர், நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து, "குடுங்க சார், நான் கொண்டாரேன்" என்று வாங்கினார். இரண்டு படி ஏறியதும் நின்றுவிட்டார். "என்ன சார் வச்சிருக்கீங்க உள்ள?" என்று குனிந்து இருக்கையைப் பார்த்தார். பிறகு அதை மெல்ல, சத்தமே வராமல் தரையில் இறக்கி வைத்தார். தூங்குகிற பிள்ளையை அப்படித்தான் இறக்குவோம். அதற்குப் பிறகு நான் வண்டியோடு வருகிற நேரத்தில் அவர் கதவு சாத்தியிருக்கிறது.

காப்பகத்து அக்காவும் ஒன்று சொன்னார். வண்டிகளை அங்கே வராந்தாவில்தான் நிறுத்துவார்கள். வாண்டு உள்ளே பிஸ்கெட் கொடுத்தால் பாதியைக் கடித்துவிட்டு, மீதியை வெளியே கொண்டுபோய் வண்டி இருக்கையில் வைத்துவிட்டு வருகிறானாம். ஏன் என்று கேட்டால், "பட்டுக்குப் பசிக்குது" என்கிறானாம். "பட்டுன்னு யாரு சார், வீட்டுல பூனை வளக்குறீங்களா?" என்று அக்கா கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்ல? வாண்டுவைப் பட்டு என்று கூப்பிடுவது உலகத்தில் நீ ஒருத்திதான். நீ போன பிறகு இந்த வீட்டில் அந்தப் பேரை யாரும் சொன்னதில்லை. எனக்கு வாய் வரவில்லை, வாண்டு என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

சரி, வண்டியில்தான் கோளாறு என்று கடைக்குப் போனேன். அன்று வாண்டுவையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். தராசைக் கொண்டு போகவில்லை, தடை இருக்கிறதே. விற்பனைப் பெண், "மறுபடியும் எடையா சார்?" என்று சிரித்துக்கொண்டேதான் வந்தாள். வண்டியை மேஜைமேல் தூக்கி வைக்கப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோயிற்று. மேலாளரைக் கூப்பிடவில்லை, பில் கேட்கவில்லை. உள்ளே போய் நீலத்தில் அதே மாதிரி புதிதாக ஒன்றை எடுத்துவந்து கொடுத்து, "இதைக் கொண்டு போங்க சார்" என்றாள். என் கண் எதிரே மடித்து விரித்துக் காட்டினாள். தூக்கிப் பார்த்தேன், பஞ்சு.

கடைவீதி முழுக்க பஞ்சாகத்தான் வந்தது. வாண்டு பக்கத்தில் நடந்துவந்தான். நம் தெருமுனை பேருந்து நிறுத்தம் வந்ததும் அவன் என் விரலை விட்டுவிட்டு, வண்டியின் முன்னால் போய் நின்றுகொண்டான். யாரோ ஏறி உட்காரும்வரை பொறுத்திருக்கிற மாதிரி நின்றான். பிறகு, "போலாம்பா" என்றான். தள்ளினேன். பழைய கனம்.

எடை போட்டுப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பாய். நியாயமான கேள்வி. ஊருக்கெல்லாம் எடை சொல்கிறவன் தன் வீட்டு வண்டியைத் தராசில் வைக்கக் கூசுகிறான். வாரக் கணக்குக்கு வாண்டுவை ஏற்றும்போது வழக்கம்போல் பொத்தானை அழுத்திவிடுகிறேன், அழுத்தும்போது எண் பலகையைப் பார்ப்பதில்லை. தராசு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் அதோடு சண்டை போட எனக்குத் தெரியாது. இப்போதைக்குக் கை சொல்வதாகவே இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

தனியாக இருந்து இவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று முடிவு கட்டிவிடாதே. பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான், பதின்மூன்று இருநூறு. ஒப்பந்த விஷயத்தில் நான் முன்பு எழுதியதுதான். போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் தராசுக்காரன்

*

வெள்ளி மதியம், கடையிலிருந்து

அன்புள்ள நர்சம்மாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். எத்தனை பேர் என்று எழுதப் பேனா தயங்குகிறது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் பக்கம் முழுக்கத் திட்டு. முதுகைக் காட்டு, அப்படியே தலையையும் காட்டு என்று எழுதியிருந்தாய். காட்டினேன். எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "முதுகு நல்லாத்தான் இருக்கு. கனமா எதையும் தூக்காதீங்க" என்றார். இரண்டாம் பக்கத்தில் உன் கையெழுத்தே மாறியிருந்தது. வண்டியில் எந்தப் பக்கம் இடம் விடுகிறான் என்று கேட்டிருந்தாய். இங்கே எந்தப் பிள்ளையைத் தூக்கினாலும் கனமே தெரியவில்லை, காகிதத்தைத் தூக்குகிற மாதிரி இருக்கிறது, பயந்துபோய் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?

இடப்பக்கம் விடுகிறான். நீ எப்போதும் அவனை வைத்துக்கொள்கிற பக்கம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சென்ற வாரம் எடை போட வழக்கம்போல் வண்டியைப் பலகையில் ஏற்றிப் பொத்தானை அழுத்தினேன். வாண்டுவை உட்கார வைத்தேன், அவன் எடை வந்தது, இறக்கிவிட்டேன். பலகையில் காலி வண்டி, எண் பூஜ்யம். அந்த நேரம் பார்த்து பழைய பேப்பர் வியாபாரி தன் தராசைச் சரிபார்க்கக் கொண்டுவந்தார். அவருக்கு இடம் வேண்டுமே என்று வண்டியைத் தூக்கிக் கீழே வைத்தேன். பூஜ்யமாக்கிய பாத்திரத்தை எடுத்துவிட்டால் அதன் எடை கழித்தல் குறியோடு வரும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இத்தனை வருடம் நான் அந்த எண்ணைப் பார்த்ததே இல்லை. தராசுக்காரர்கள் எவரும் பார்ப்பதில்லை, போனதன் எடை யாருக்கு வேண்டும்? பொத்தானை மறுபடி அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அன்று பேப்பர் வியாபாரி, "என்ன தம்பி, மைனஸ்ல இவ்வளவு காட்டுது?" என்று கேட்டதால் பார்த்தேன். கழித்தல் பதினைந்து அறுநூறு.

வண்டி ஆறு இருநூறு. மீதி ஒன்பது கிலோ நானூறு.

எடைக்கற்களை வைத்துச் சோதித்தேன், தராசில் பிசகில்லை. வண்டியை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். அதே எண். வியாபாரி அவர் தராசை எடுத்துக்கொண்டு நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். கல்லாப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். பயத்தில் மட்டும் உட்கார்ந்தேன் என்று சொல்ல முடியாது. அந்த எண் எனக்குத் தெரிந்த எண்.

உனக்கும் தெரியும். நீ புறப்பட்ட அன்று பெட்டி அளவுக்கு மேல் கனக்கிறதா என்று பார்க்க இதே பலகைக்குத்தான் வந்தோம். பெட்டியை இறக்கியதும் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ ஏறி நின்றாய். பிறகு அவனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறினாய். கழித்துப் பார்த்து, "ஒன்பது நானூறு. இதை மறக்க மாட்டேன், அங்க போய் தினமும் சொல்லிக்குவேன்" என்றாய். தெருமுனை நிறுத்தத்தில் விமான நிலையப் பேருந்து வந்து நின்றபோது, அவன் உன் சட்டைக் கழுத்தைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தது நான்தான். பேருந்து போன பிறகு அவன் அழவில்லை. வீட்டுக்கு வரும்போது தோளில் லேசாக இருந்தான். வெயிலில் வாடியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கழித்தல் எண் வந்த நாளிலிருந்து தினமும் அதைப் பார்க்கிறேன். வாண்டு ஏறிக்கொண்டே போகிறான், பதின்மூன்று முந்நூறு வந்துவிட்டான். அந்த எண் ஒரு கிராம் கூட ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

போன ஞாயிறு நீ திரையில் வந்தாயே, நினைவிருக்கிறதா? "பட்டு, அம்மாவைப் பாரு" என்று நீ கூப்பிட்டாய். அவன் உன்னைப் பார்க்காமல் திரும்பி மூலையைப் பார்த்தான். வெட்கப்படுகிறான் என்று நீ சிரித்தாய். அந்த மூலையில் வண்டி நின்றது. நீ இரண்டாம் முறை கூப்பிட்டபோது அவன் இறங்கிப்போய் அதைத் திரைக்கு எதிராகத் திருப்பி வைத்தான். உன் படம் உறைந்துபோயிற்று. வண்டி கொஞ்சம் ஆடியது. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் வைத்தால் எனக்குத்தான் தூக்கம் போகும். நேற்று சாயங்காலம் காப்பகத்திலிருந்து வரும்போது கைப்பிடியை விட்டுவிட்டு செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன். நிமிர்ந்தால் வண்டி தானாக உருண்டு போய்க்கொண்டிருந்தது. வாண்டு பதறாமல் அதன் பின்னாலேயே நடந்தான். நேராக நிறுத்தத்துக்குப் போய், நீ பேருந்தில் ஏறிய இடத்தில், நடைபாதை ஓரத்தில் நின்றது. இறக்கமாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். பையில் ரசமட்டம் இருந்தது, தராசு பொருத்தும்போது தரை மட்டம் பார்ப்பது. குனிந்து ரோட்டில் வைத்துப் பார்த்தேன். அது ஏற்றம். போகிற வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள், ரோடு போடுகிற ஆள் என்று நினைத்திருப்பார்கள்.

நடைபாதையில் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதல் தடவையாக அதோடு பேசினேன். பட்டு என்று கூப்பிட என் வாய் அப்போதுதான் வந்தது. வீட்டுக்குப் போகலாம், இறங்கி வா, அப்பா தூக்கிக்கொள்கிறேன் என்றேன். கையை நீட்டினேன். நிஜமாகவே நீட்டினேன், கூச்சப்படவில்லை. இருக்கையின் இடப்பக்கம் துணி பள்ளமாக இருந்தது, அப்படியே இருந்தது. வாண்டு என் தோளைத் தட்டி, "அவன் இறங்க மாட்டான்பா. அம்மா தூக்கணுமாம்" என்றான். நீ எங்கே இருக்கிறாய் என்று அவன் கேட்கிறானா என்றேன். "இல்லப்பா. பஸ் திரும்பி வரும்னு சொல்றான்" என்றான். பேருந்து ஒன்று வந்தது. கதவு திறந்தது, இரண்டு பேர் இறங்கினார்கள், கதவு சாத்தியது. பள்ளம் கொஞ்சம் ஆழமானது மாதிரி இருந்தது. வண்டியைத் திருப்பி வீட்டுக்கு இழுத்து வருவதற்குள் எனக்கு மூச்சு முட்டிப்போயிற்று.

நான் அழுதேன். எழுதுவதில் என்ன வெட்கம்? நாம் ஒரு பிள்ளையை நல்லபடியாக வளர்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தோம். நம்மிடம் வளர்கிறவன் உன்னை மறந்துகொண்டிருக்கிறான். மறக்காதவன் வளர மாட்டேன் என்று நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறான். நீ இன்னும் இரண்டு வருடம் கழித்து வந்தால் வாண்டு வாசலில் நின்று, யார் வேண்டும் என்று உன்னைக் கேட்பான். மற்றவன் அதே ஒன்பது நானூறோடு அதே இடத்தில் இருப்பான். இல்லாமலும் போகலாம், அதுதான் எனக்கு இப்போது பெரிய பயம். காலையில் எழுந்ததும் வண்டியைத் தூக்கிப் பார்க்கிறேன். கனத்தால் நிம்மதியாக இருக்கிறது. இப்படி ஒரு நிம்மதி எந்த அப்பனுக்கும் வரக் கூடாது.

அதனால் என் முந்தைய இரண்டு கடிதத்திலும் போட்டுவிடு, போட்டுவிடு என்று எழுதியிருக்கிறேனே, அந்த வரிகளை அடித்துவிடு. கடை யார் பெயரில் இருந்தால் என்ன? தராசு என்னுடையது, அது போதும். கையெழுத்துப் போடாதே. போட்டிருந்தால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வா. அங்கே காரணம் கேட்டால் வீட்டில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல். பொய் என்று சொல்ல முடியாது.

பெட்டியை நீ தூக்காதே, இறக்கித் தரச் சொல். இடது கையைக் காலியாக வைத்துக்கொள். நாங்கள் நிறுத்தத்தில் நிற்போம். பேருந்திலிருந்து இறங்கியதும் வாண்டு ஓடி வருவான், நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஆசையாகத்தான் வருவான். அவன் பாட்டுக்கு வரட்டும். பெரியவனுக்கு நான் இருக்கிறேன். நீ வண்டிக்கு முன்னால் குனிந்து, ஒன்றும் தெரியவில்லையே என்று யோசிக்காமல், கையைக் கொடுத்து முதலில் சின்னவனைத் தூக்கு. பெரியவன் கோபித்துக்கொள்ள மாட்டான். அவனிடம் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
வழியைப் பார்த்தபடி,
உன் தராசுக்காரன்